நாலு பெட்டி, ஒரு ரிவி, ஒரு ஹோம் தியேட்டர்: எதை எங்க கொழுவுறது?

பரந்தன்_வீடு

வணக்கம். வீட்டில இருக்கிற சாமானைக் கீழ எழுதுறன். வடிவாத் தெரிஞ்ச ஆக்கள் வழி சொல்லுங்கோ.

ரிவி 43 அங்குல ஸ்மார்ட். பின்னால எச்டிஎம்ஐ மூண்டு (ரெண்டாவதில ஆர்க் எண்டு எழுதியிருக்கு), ஒப்டிக்கல் அவுட் ஒண்டு, ஏவி இன் (மஞ்சள் வெள்ளை சிவப்பு) ஒண்டு. ஹோம் தியேட்டர் 5.1 (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்பும்). அதில எச்டிஎம்ஐ அவுட் ஒண்டு (அதிலயும் ஆர்க்), ஒப்டிக்கல் இன் ஒண்டு, சிவப்பு வெள்ளை ஓக்ஸ் ஒண்டு.

கொழுவ வேண்டியது: கூரை டிஷ்ஷின்ர பொக்ஸ் (எச்டிஎம்ஐயும் ஏவியும் இருக்கு), பழைய டிவிடி பிளேயர் (ஏவி மட்டும்), அன்ட்ரொயிட் பொக்ஸ், இடைக்கிடை லப்டொப். முகட்டு அன்ரெனா நேர ரிவிக்குள்ள போகுது.

இப்ப டிஷ் பொக்ஸின்ர சிவப்பு வெள்ளை ஹோம் தியேட்டர் ஓக்ஸுக்குப் போகுது. மற்றதுகளைப் போட்டால் ரிவி ஸ்பீக்கரில மட்டும்தான் சத்தம். டிஷ் கேபிளை இறுக்கின உடன ஆறு ஸ்பீக்கரும் "ம்ம்ம்" எண்டு இரையுது. எல்லாத்துக்கும் ஹோம் தியேட்டரில சத்தம் வேணும், இரைச்சல் போகவேணும்.

வவுனியா_வயரிங்

முதல் பாக்க வேண்டியது ஹோம் தியேட்டரின்ர முதுகு. எச்டிஎம்ஐ "இன்" ரெண்டு மூண்டு இருந்தால் அது ரிசீவர் மாதிரி வேலை செய்யும்: எல்லாப் பெட்டியையும் அதில கொழுவி, ஒரு வயரால படத்தை ரிவிக்கு அனுப்பலாம். உங்கடையில "அவுட்" மட்டும்தான். அப்ப சந்தி ரிவிதான். எல்லாப் பெட்டியும் ரிவிக்குப் போகும், ரிவியில இருந்து ஒரேயொரு சத்த வயர் ஹோம் தியேட்டருக்கு வரும். அந்தச் சிவப்பு வெள்ளை வயரைக் கழட்டி வையுங்கோ.

அந்த ஒரு வயர் ஆர்க் ஆக இருக்கட்டும். எச்டிஎம்ஐ 1.4 வந்த 2009ஆம் ஆண்டில இருந்து இது இருக்கு. படம் போற வயரிலயே சத்தம் திரும்பி வரும்.

ரெண்டையும் சுவரில சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு, ஹோம் தியேட்டர் எச்டிஎம்ஐ அவுட்டில இருந்து ரிவியின்ர ஆர்க் துளைக்கு வயர் போடுங்கோ. ஒண்டிலயோ மூண்டிலயோ போட்டால் சத்தம் வராது, கன பேர் விடுற பிழை இதுதான். பிறகு ரிவி மெனுவில சிஇசியை (எச்டிஎம்ஐ வயரால பெட்டிகள் ஒண்டையொண்டு கட்டுப்படுத்துற வசதி) ஓன் பண்ணவேணும். ஒவ்வொரு கொம்பனியும் அதுக்கு வேற பேர் வைச்சிருக்கும்: சாம்சுங்கில எனிநெற் பிளஸ், எல்ஜியில சிம்ப்லிங்க், சொனியில பிராவியா சிங்க். சவுண்ட் அவுட்புட்டை வெளி ஸ்பீக்கருக்கு மாத்துங்கோ. டிஜிற்றல் அவுட்புட் "ஓட்டோ" அல்லது "பிற்ஸ்ட்ரீம்". ஹோம் தியேட்டரில "ரிவி" அல்லது "டி.இன்" எண்ட சோர்ஸ். அதுக்குப் பிறகும் சத்தம் வராட்டில் ரெண்டின்ர பிளக்கையும் கழட்டி ஒரு நிமிசம் விட்டுப் போடுங்கோ. சிஇசி ஒண்டையொண்டு மறந்து புதுசாக் கண்டுபிடிக்க அந்த நேரம் காணும்.

ஒட்டுசுட்டான்_ஒலி

வவுனியா அண்ணை சொன்ன ஒழுங்கு சரி, சந்தி ரிவிதான். ஆனா அந்த ஒரு வயர் ஒப்டிக்கலா இருக்கவேணும் எண்டுதான் நான் சொல்லுவன். துளையை எண்ணிப் பாருங்கோ. டிஷ் பொக்ஸுக்கு எச்டிஎம்ஐ 1, அன்ட்ரொயிட் பொக்ஸுக்கு 3, ரெண்டாவதை ஆர்க் பிடிச்சிட்டால் லப்டொப்புக்கு இடமில்லை. ஒப்டிக்கல் போட்டால் ரெண்டாவது துளை மிஞ்சுது. டிவிடிக்கு ஏவி இன் இருக்கு. ஒரு சுவிச்சும் வாங்கத் தேவையில்லை.

மற்றது இரைச்சல். ஆர்க் போட்டால் அது போகாமல் இருக்கலாம். டிஷ் கேபிளின்ர வெளிப்பின்னல் ஒரு உலோகம். அது பொக்ஸின்ர உடம்பைத் தொடுது. பொக்ஸில இருந்து எச்டிஎம்ஐயின்ர கவசம் ரிவிக்குப் போகுது. ரிவியில இருந்து ஆர்க் வயரின்ர கவசம் ஹோம் தியேட்டருக்குப் போகுது. கூரையில இருந்து ஸ்பீக்கர் பெட்டி வரைக்கும் ஒரே செம்புக்கம்பி எண்டு நினையுங்கோ. டிஷ் தூண் ஒரு இடத்தில மண்ணைத் தொட, ஹோம் தியேட்டரின்ர மூண்டு முள் பிளக் வேற இடத்தில ஏர்த்தைத் தொட, ரெண்டுக்கும் இடையில இருக்கிற சின்ன வோல்ற்றேஜ் வித்தியாசம் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலா வரும். சிவப்பு வெள்ளை வயரில அது நேர சத்தத்தோட கலக்கும். எச்டிஎம்ஐயில சத்தம் இலக்கமாத்தான் போகுது, எண்டாலும் அந்தச் சுழல் கறன்ட் கவசத்தால ஓடி ஹோம் தியேட்டருக்குள்ள இருக்கிற அம்ப்பின்ர கிரவுண்டுக்குள்ள ஏறலாம்.

ஒப்டிக்கலில போறது வெளிச்சம். பிளாஸ்ரிக் நார், செம்பு இல்லை. சுழல் அந்த இடத்தில அறுந்துபோகும்.

வவுனியா_வயரிங்

துளைக் கணக்கு சரிதான், நான் அதை எண்ணேல்லை. ஆனா ஒப்டிக்கலில ரெண்டு குறை இருக்கு, அதையும் சொல்லவேணும். ரிவி ரிமோட்டால சத்தம் கூட்டிக் குறைக்க ஏலாது, ஹோம் தியேட்டர் ரிமோட்டும் கையில இருக்கவேணும். மற்றது டொல்பி டிஜிற்றல் பிளஸ் எண்ட சத்த வகை ஒப்டிக்கலால போகாது. ஸ்ட்ரீமிங் ஆப்புகளில வாறது கூடுதலா அந்தப் பிளஸ்தான். நல்ல ரிவி அதைச் சாதாரண டொல்பியா மாத்தி அனுப்பும், சிலது ஸ்டீரியோவா இறக்கிப்போடும்.

ஒட்டுசுட்டான்_ஒலி

ஓம், அது உண்மை. சாதாரண டொல்பி டிஜிற்றலும் டிடிஎஸ்ஸும் (ரெண்டும் சுருக்கின சத்த வகை) 5.1 ஆக ஒப்டிக்கலில வரும், பிசிஎம் (சுருக்காத சத்தம்) எண்டால் ரெண்டு சனல்தான். ஆர்க்கிலயும் பிசிஎம் ரெண்டு சனல்தான், அதில வித்தியாசமில்லை. பல சனல் பிசிஎம்மும் டொல்பி ட்ரூஎச்டியும் வேணுமெண்டால் 2017இல எச்டிஎம்ஐ 2.1ஓட வந்த ஈஆர்க் (ஆர்க்கின்ர கூடின வடிவம்) ரெண்டு பக்கமும் இருக்கவேணும். இந்த ஹோம் தியேட்டரில அது இல்லை, அதால அந்தக் கதை இங்க தேவையில்லை.

பரந்தன்_வீடு

ரெண்டு பேருக்கும் நன்றி. இரைச்சல் டிஷ்ஷாலதான் எண்டு உறுதிப்படுத்த ஏதும் சோதனை இருக்கோ? ஹோம் தியேட்டர் பிளக்கில ஏர்த் முள்ளைக் கழட்டினால் இரைச்சல் போகுமெண்டு ஒராள் சொன்னவர்.

மாங்குளம்_மீற்றர்

ஏர்த் முள்ளில கை வைக்காதேங்கோ. இரைச்சல் போகும், அதோட பாதுகாப்பும் போகும். அம்ப்பின்ர ட்ரான்ஸ்போமரில காப்பு உடைஞ்சால் 230 வோல்ற் உலோகப் பெட்டியிலயும், வயர் வழியா ரிவியிலயும், டிஷ் தூணிலயும் நிக்கும். ஏர்த் இருந்தால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் உடன விழும். ஏர்த் இல்லாட்டில் ஆரும் தொட்ட பிறகுதான் விழும்.

சோதனை இப்பிடிச் செய்யுங்கோ. எல்லாத்தையும் சுவரில நிப்பாட்டி, டிஷ் கேபிளைப் பொக்ஸில இருந்து திருகிக் கழட்டுங்கோ. ஹோம் தியேட்டரையும் பொக்ஸையும் மட்டும் போட்டு, சத்தத்தைப் பாதிக்கு வையுங்கோ. இரைச்சல் இல்லையெண்டால் டிஷ் வழிதான். இருந்தால் ஓக்ஸ் வயரையும் கழட்டுங்கோ. அதுக்குப் பிறகும் இருந்தால் அம்ப்புக்குள்ள பிழை, பவர் சப்ளையின்ர வடிகட்டிக் கப்பாசிற்றர் வீங்கியிருக்கலாம்.

டிஷ் வழியெண்டால் முறையான தீர்வு கூரையில. கேபிள் வீட்டுக்குள்ள வாற இடத்தில ஒரு கிரவுண்டிங் புளொக் போட்டு, 4 சதுர மில்லிமீற்றர் பச்சை மஞ்சள் வயரால வீட்டின்ர ஏர்த்தோட சேக்கவேணும். தூணுக்கு 16 சதுர மில்லிமீற்றர் செம்பு. டிஷ்ஷுக்கெண்டு தனியா ஒரு கம்பியை மண்ணில அடிச்சு விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ரெண்டு கம்பி எண்டால் ரெண்டு வேற வோல்ற்றேஜ். ரெண்டையும் இணைச்சுத்தான் ஆகவேணும்.

எங்கட பக்கத்து மண்ணில இன்னொண்டையும் கவனியுங்கோ. ஆடி, ஆவணி வரட்சியில மண் அடிவரைக்கும் காய்ஞ்சுபோகும். மாரியில நல்லா வேலை செய்த ஏர்த் கம்பி அப்ப தடை கூடி, இரைச்சலும் கூடும். வருசத்தில கொஞ்ச மாதம் மட்டும் இரையுற வீடுகளில காரணம் கூடுதலா இதுதான்.

குளக்கட்டு_அக்கா

தம்பி பரந்தன், ஒப்டிக்கல் வாங்கினால் நுனியில கண்ணாடி மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்ரிக் தொப்பி இருக்கும், ரெண்டு நுனியிலயும். அதைக் கழட்டாமல் குத்தினால் சத்தம் வராது, அல்லது விட்டு விட்டு வரும். தொப்பி இருக்கேக்குள்ள துளையில "டிக்" எண்டு பூட்டாது, கையை எடுத்தால் வழுக்கி வெளியில வந்திடும். அதுதான் அடையாளம். ரிவியை ஓன் பண்ணிட்டு மற்ற நுனியைப் பாத்தால் சிவப்பு வெளிச்சம் தெரியவேணும். நுனி ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மூலை வெட்டினது. நெருக்கிக் குத்தினால் துளையின்ர கதவு உடைஞ்சு உள்ள போயிடும். செம்மண் தூசி பறக்கிற வீட்டில வயர் போடாத ஒப்டிக்கல் துளையை மூடி வையுங்கோ, உள்ள படிஞ்ச தூசி வெளிச்சத்தை மறைக்கும். மடிச்சுக் கட்டவும் கூடாது, வளைவு ஒரு தேத்தண்ணிக் கோப்பையின்ர வட்டத்தை விடச் சின்னனாப் போகவேண்டாம். நீளம் 5 மீற்றருக்குள்ள எண்டால் பயமில்லை.

ரிவி மெனுவில "ரிவி ஸ்பீக்கர்" எண்டதை ஓஃப் பண்ணவும் மறக்காதேங்கோ. ரெண்டும் சேர்ந்து வந்தால் கிணத்துக்குள்ள கதைக்கிற மாதிரி எதிரொலிக்கும்.

பரந்தன்_வீடு

ஒப்டிக்கல் 2 மீற்றர் போட்டாச்சு. டிஷ் சனல், அன்ரெனா, டிவிடி எல்லாம் ஹோம் தியேட்டரில கேக்குது. இரைச்சல் இல்லை. அன்ட்ரொயிட் பொக்ஸில 5.1 படம் போட்டாலும் ஹோம் தியேட்டரில "பிசிஎம்" எண்டுதான் வருது. பின் ஸ்பீக்கர் ரெண்டும் சும்மா இருக்கு.

வவுனியா_வயரிங்

மூண்டு இடத்தில தடை இருக்கலாம், ஒழுங்காப் பாருங்கோ.

பொக்ஸின்ர சவுண்ட் செற்றிங்கில "பிசிஎம்" இருந்தால் "பாஸ்த்ரூ" அல்லது "ஓட்டோ" ஆக்குங்கோ. ரிவியில டிஜிற்றல் அவுட்புட் "டொல்பி டிஜிற்றல்" அல்லது "ஓட்டோ". ரெண்டும் சரியாக இருந்தும் பிசிஎம் எண்டால், ரிவியே எச்டிஎம்ஐயால வாற 5.1ஐ ஒப்டிக்கலுக்கு விடாமல் ஸ்டீரியோவா இறக்குது. பழைய மொடல்களில இது சாதாரணம். சோதிக்க லேசான வழி: அதே படத்தை யூஎஸ்பியில போட்டு நேர ரிவியில ஓட்டுங்கோ. அப்ப "டொல்பி டி" எண்டு வந்தால் ரிவியின்ர எச்டிஎம்ஐ பக்கம்தான் தடை.

அப்பிடியெண்டால் ஒரு எச்டிஎம்ஐ ஓடியோ எக்ஸ்ட்ராக்டர் (எச்டிஎம்ஐயில இருந்து சத்தத்தைப் பிரிச்செடுக்கிற பெட்டி) வாங்கவேணும். அன்ட்ரொயிட் பொக்ஸ் அதுக்குள்ள போகும், அதில இருந்து எச்டிஎம்ஐ ரிவிக்கு, ஒப்டிக்கல் ஹோம் தியேட்டருக்கு. அதின்ர பக்கத்தில ஒரு சின்னச் சுவிச் இருக்கும்: "பாஸ்", "2 சனல்", "5.1". அதை 5.1இல வைக்கவேணும். பாஸில வைச்சால் ரிவியிட்டக் கேட்டு, ரிவி ஸ்டீரியோ எண்டு சொல்ல, பொக்ஸ் ஸ்டீரியோவைத்தான் அனுப்பும். ஹோம் தியேட்டரில ஒப்டிக்கல் இன் ஒண்டுதான் இருக்கிறபடியால் மூண்டுக்கு ஒண்டு ஒப்டிக்கல் சுவிச்சும் தேவைப்படும்.

முள்ளியவளை_51

இதோட சேர்த்து ஒரு கேள்வி. இங்க கடையில அடிச்ச அம்ப், பின்னால ஆறு ஆர்சிஏ துளை (சிவப்பு வெள்ளை வயர் போற மாதிரி) மட்டும்தான் (முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம், சென்டர், சப்). ஒப்டிக்கல் இல்லை. ரிவி ஒப்டிக்கலில இருந்து ஆர்சிஏக்கு மாத்துற சின்னப் பெட்டி வாங்கினது, இரைச்சல் மட்டும்தான் வருது.

ஒட்டுசுட்டான்_ஒலி

நீங்கள் வாங்கினது டாக் (இலக்கச் சத்தத்தை ஆர்சிஏ வயருக்குரிய சாதாரண சத்தமாக்கிற பெட்டி). அதுக்குப் பிசிஎம் மட்டும்தான் விளங்கும், டொல்பி போனால் "ஸ்ஸ்ஸ்" எண்டு கொட்டும் அல்லது பேசாமல் இருக்கும். ரிவியில டிஜிற்றல் அவுட்புட்டைப் பிசிஎம்முக்கு மாத்தினால் ஸ்டீரியோ வரும். உண்மையான 5.1 வேணுமெண்டால் டொல்பி, டிடிஎஸ் டிகோடர் பெட்டி வாங்கவேணும், ஒப்டிக்கல் உள்ள போய் ஆறு ஆர்சிஏ வெளியில வாறது. வாங்கேக்குள்ள ஆறு அவுட்டையும் எண்ணிப் பாருங்கோ. "5.1" எண்டு பெட்டியில அச்சடிச்சு ரெண்டு அவுட் மட்டும் இருக்கிறதும் விக்கினம்.

ஆறு வயரையும் போட்ட பிறகு ஒவ்வொண்டாக் கழட்டிச் சோதியுங்கோ. சென்டரும் சப்பும் மாறுறதுதான் கூட. மாறினால் ஆக்கள் கதைக்கிறது பெரிய பேஸ் ஸ்பீக்கருக்குள்ள முணுமுணுக்கும்.

குளக்கட்டு_அக்கா

கடையில மாறி வாங்கி வாற இன்னும் ரெண்டு சாமான் இருக்கு. எச்டிஎம்ஐயை ஏவி ஆக்கிற பெட்டியும், ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கிற பெட்டியும் ஒரே வெள்ளை நிறம், ஒரே அளவு. திருப்பிக் கொழுவினால் வேலை செய்யாது. டிவிடி மாதிரிப் பழைய பெட்டிக்கு ரெண்டாவதுதான் வேணும். அதே மாதிரி சுவிச் வேற, ஸ்பிளிற்றர் வேற. கன பெட்டி, ஒரு ரிவி எண்டால் சுவிச். ஒரு பெட்டி, ரெண்டு ரிவி எண்டால் ஸ்பிளிற்றர்.

ஓக்ஸ் துளைக்கு ரெண்டு பெட்டியின்ர வயரை "Y" வடிவ வயரால ஒண்டாச் சேக்கிற பழக்கத்தையும் விடுங்கோ. ஒரு அவுட் மற்ற அவுட்டுக்குள்ள தள்ளும், சத்தம் குறைஞ்சு கரகரக்கும். ரெண்டு பெட்டி எண்டால் அமத்தி மாத்துற ஏவி செலக்டர் வாங்குங்கோ.

பொக்ஸின்ர மஞ்சள் வெள்ளை சிவப்பு ஒரு சின்ன 3.5 மில்லிமீற்றர் முள்ளில சேர்ந்திருந்தால் வேற பொக்ஸின்ர வயரைப் போடாதேங்கோ. முள்ளில நாலு வளையம், எது கிரவுண்ட், எது படம் எண்டது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஒரு காதில "ப்ர்ர்ர்" எண்டு வந்து படமும் இல்லையெண்டால் மஞ்சளையும் சிவப்பையும் மாத்திப் பாருங்கோ. சரிவந்தால் அப்பிடியே விடலாம். கிரவுண்டே மாறியிருந்தால் எப்பிடி மாத்தினாலும் சரிவராது, அந்தப் பொக்ஸுக்குரிய வயர்தான் வேணும்.

பரந்தன்_வீடு

யூஎஸ்பியில போட்டுப் பாத்தன், "டொல்பி டி" வருது. அப்ப எக்ஸ்ட்ராக்டர்தான். ஒரு படத்துக்கு மட்டும் ரிவியில சத்தமே இல்லை, "இந்த ஓடியோ ஏலாது" எண்டு காட்டுது.

ஒட்டுசுட்டான்_ஒலி

அந்தப் படத்தின்ர சத்தம் டிடிஎஸ் ஆக இருக்கும். எல்லா ரிவியும் டிடிஎஸ் வாசிக்காது. சாம்சுங் 2018 மொடல்களில இருந்து அதை விட்டிட்டுது, எல்ஜியும் 2020இல விட்டு 2023இல திரும்பச் சேர்த்தது. யூஎஸ்பியை அன்ட்ரொயிட் பொக்ஸில போட்டு, எக்ஸ்ட்ராக்டர் வழியா விடுங்கோ. ஹோம் தியேட்டர் டிடிஎஸ் வாசிக்கும் எண்டால் அப்பிடியே வரும். வாசிக்காட்டில் பிளேயர் ஆப்பில பிசிஎம்முக்கு மாத்தி ஸ்டீரியோவாக் கேக்கலாம்.

எக்ஸ்ட்ராக்டர் வந்த பிறகு வாய் அசையுறதுக்கு முன்னமே சத்தம் வந்திடும், அதுக்கும் ஆயத்தமா இருங்கோ. ரிவி படத்தைத் திருத்தக் கொஞ்ச நேரம் எடுக்கும், சத்தமோ இப்ப ரிவிக்குள்ள போகாமல் நேர வருது. ஹோம் தியேட்டரில "ஓடியோ டிலே" இருந்தால் 40 மில்லி செக்கனில தொடங்கிப் பத்துப் பத்தாக் கூட்டுங்கோ. செய்தி வாசிக்கிற ஆளின்ர உதட்டைப் பாத்தால் பிடிபடும், "ப", "ம" வாற இடத்தில உதடு மூடுறது தெரியும். ரிவியில "கேம் மோட்" போட்டாலும் குறையும். புளூடூத்தில இதுக்கு நேர் எதிர், சத்தம் பிந்தும். படத்தைப் பிந்த வைக்க அனேகமா வழியில்லை. அதாலதான் படத்துக்கு வயர் போடச் சொல்லுறது.

மாங்குளம்_மீற்றர்

ஸ்பீக்கர் வயரையும் ஒருக்கா பாருங்கோ. பின் ஸ்பீக்கருக்கு 10 மீற்றர் இழுத்தால் போய்வர 20 மீற்றர். 0.5 சதுர மில்லிமீற்றர் மெல்லிய வயரில அது கிட்டத்தட்ட 0.7 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிய இழப்பு. 1.5 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.23 ஓம், காணும். சிவப்புக் கறுப்பு மாறினால் பேஸ் காணாமல் போகும். வயரை அம்ப்பில இருந்து கழட்டி, 1.5 வோல்ற் பற்றரியின்ர பிளஸைச் சிவப்பிலயும் மைனஸைக் கறுப்பிலயும் ஒரு கணம் தொட்டு எடுத்தால் வூஃபர் கூம்பு வெளியில தள்ளவேணும். உள்ள போனால் மாறியிருக்கு.

இனி முக்கியமானது, இடி. பங்குனி, சித்திரையிலயும் ஐப்பசி, கார்த்திகையிலயும் பின்னேர இடிதான் எங்கட பக்கம் சாமானைக் கொல்லுறது. ஒட்டுசுட்டான் சொன்ன அந்தச் செம்புக்கம்பியால இடியும் வரும்: டிஷ், பொக்ஸ், எச்டிஎம்ஐ, ரிவி. முதல் சாகிறது எச்டிஎம்ஐ துளைகள். ஒப்டிக்கல் இருந்தால் அந்த வழியால ஹோம் தியேட்டருக்கு ஏறாது, ஆனா கறன்ட் வயரால ஏறும். அதால மேகம் இருளத் தொடங்கேக்குள்ளயே பிளக்குகளையும் டிஷ் கேபிளையும் அன்ரெனா வயரையும் கழட்டுங்கோ. சுவிச்சை நிப்பாட்டினால் காணாது, பிளக் வெளியில வரவேணும். இடி விழத் தொடங்கின பிறகு எந்த வயரையும் தொடாதேங்கோ.

திரும்பக் கொழுவேக்குள்ள கறன்ட் பிளக் கடைசியா. ரெண்டு முள் பெட்டிகளின்ர உலோகத்தில சின்னக் கசிவு கறன்ட் எப்பவும் இருக்கும், கேபிளின்ர நுனியைத் தொட்டால் சுள்ளெண்டு அடிக்கிறது அதுதான். கறன்ட் இருக்கேக்குள்ள எச்டிஎம்ஐயைக் குத்தினால் அந்தப் பொறி ஊசிகளுக்குள்ள போய் துளையைச் சுட்டுப்போடும்.

பரந்தன்_வீடு

கறன்ட் இல்லாத நேரம் இன்வேர்ட்டரில போடலாமோ? அடுத்த அறையிலயும் ஒரு சின்ன ரிவி வைக்கிற எண்ணம், டிஷ் பொக்ஸ் ஒண்டுதான்.

வவுனியா_வயரிங்

இன்வேர்ட்டர் சுத்தமான சைன் அலை எண்டால் போடலாம். மலிவான சதுர அலை எண்டால் ரிவியும் பொக்ஸும் ஓடும், அம்ப்பின்ர ட்ரான்ஸ்போமர் மட்டும் இரைஞ்சு சூடேறும். அந்த நேரம் ரிவி ஸ்பீக்கருக்கு மாத்திக் கேளுங்கோ.

அடுத்த அறைக்கு ஒண்டுக்கு ரெண்டு ஸ்பிளிற்றர். அது ரெண்டு ரிவியையும் விசாரிச்சு, ரெண்டாலும் ஏலுமான படத்தையும் சத்தத்தையும் மட்டும்தான் பொக்ஸிட்டக் கேக்கும். சின்ன ரிவியின்ர படத் தெளிவு 720 எண்டால் பெரிய ரிவியிலயும் 720தான் வரும். டிஷ் பொக்ஸுக்கு மட்டும் போடுங்கோ, அன்ட்ரொயிட் பொக்ஸின்ர வழியில வைக்கவேண்டாம். 10 மீற்றருக்குக் கிட்ட எண்டால் தடிச்ச செம்பு வயர் வாங்குங்கோ, 1080க்கு அது தாங்கும். பொக்ஸின்ர ரிமோட் சுவருக்குள்ளால வேலை செய்யாது, சனல் மாத்த முன் அறைக்குத்தான் வரவேணும்.